மச்சானின் தோளும் மாமனாரின் முழங்காலும்

செல்போனில் பேஸ்பால் அணி நடத்துகிறவனுக்குப் பாதி நேரம்தான் ஆட்டம். மீதி நேரம் ஆஸ்பத்திரி வேலை. என்னைப் போல் மாட்டிக்கொண்டு முழிக்கும் மேலாளர்களே, இது உங்களுக்குத்தான். பழனிசெட்டிபட்டியில் பெயின்ட் கடை வைத்திருக்கிறேன். கூட்டமில்லாத மதியங்களில் அணியையும் கவனிக்கிறேன்.

குத்தவைத்த இடம்

வீரர்களுக்கு நாமே பெயர் வைக்கலாம் என்றது ஆட்டம். சும்மா இருந்திருக்கலாம். கல்யாணப் பத்திரிகையில் போடுகிற மாதிரி சொந்தக்காரர் ஒருவர் விடாமல் எழுதிவிட்டேன். பந்து வீச என் மனைவியின் அண்ணன் முருகேசன். எதிரே குத்தவைத்து அதைப் பிடிக்க மாமனார். குடும்பமே பூரித்துப் போனது.

பத்தாவது ஆட்டத்தில் மாமனார் பெயருக்கு நேரே 'முழங்கால் காயம், மூன்று வாரம் ஓய்வு' என்று வந்தது. வெளியே உட்கார வைத்தேன். மறுநாளே கடைக்கு வந்துவிட்டார். “மாப்ள, என் வயசுக்குக் குத்தவச்சே பந்து பிடிக்க விட்டா முழங்கால் என்னத்துக்கு ஆகும்? நிக்கிற வேலையாக் குடுத்திருக்கலாம்ல?”

பெரியகுளத்துக்குப் போன வலி

அடுத்து முருகேசனுக்குத் தோள். அந்த அறிவிப்பு வந்தபோது போன் என் மனைவி செல்வி கையில் இருந்தது. 'முருகேசன்: வலது தோள் காயம்' என்று பார்த்ததும் பதறிப்போய்ப் பெரியகுளத்துக்குப் போன் போட்டாள். தோப்பில் மாங்காய்க் கூடை ஏற்றிக்கொண்டிருந்த மச்சான், நல்லாத்தான் இருக்கேன் என்று சிரித்திருக்கிறார். சாயங்காலம் அவரே என்னைக் கூப்பிட்டார். “தங்கச்சி கேட்டதுலருந்து நெசமாவே வலிக்குது மாப்ள. செல்லுல என்னத்த அமுக்குனீக?”

இறுதி ஆட்டம்

இரண்டு வருடத்தில் முதல்முறையாக இறுதி ஆட்டத்துக்கு வந்திருந்தோம். செல்போனில் இருந்த முருகேசனின் தோள் பாதிதான் ஆறியிருந்தது. இறக்கினால் ஜெயிக்கலாம், ஆனால் தோள் ஒரேயடியாகப் போய்விடலாம் என்று எச்சரிக்கை வந்தது. உட்கார வைத்தால் மச்சான் கோபித்துக்கொள்வார். அடுத்த வாரம் வீரபாண்டியில் என் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் அவர் மடியில்தான் பிள்ளை உட்கார வேண்டும். கோப்பையும் வேண்டும், மச்சானும் வேண்டும்.

கடைசியில் அவரை உட்கார வைத்துவிட்டு, என் பெயரில் இருந்தவனைப் பந்து வீச இறக்கினேன். ஒன்பதுக்கு ஒன்று என்று தோற்றோம். மனசு கேட்காமல் நானே மச்சானுக்குப் போன் செய்து சொன்னேன். அதற்கு அவர் சொன்னார்: “நான் இல்லாம ஜெயிச்சிருந்தீகன்னா காதுகுத்துக்கே வந்திருக்க மாட்டேன். தோத்துட்டீகல்ல, வெள்ளனவே வந்துர்றேன் மாப்ள!”

அடிபட்ட வீரனுக்கு ஓய்வு கொடுக்க அந்த ஆட்டத்தில் ஒரு பட்டன் இருக்கிறது. மச்சானைக் குளிர வைக்கத்தான் ஒரு கோப்பையையே தோற்க வேண்டியிருக்கிறது.