ஒரே நாளில் இரண்டும் கிடையாது

மூடியைத் திருகும்போதெல்லாம் மைதீன் பாத்திமா முகத்தை ஒருபக்கமாகத் திருப்பிக்கொள்வாள். பிறகு கேனைப் பையச் சாய்த்து, ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றுவாள். மேலப்பாளையத்துத் தெருக்களில் மொபெட்டில் போய் பினாயிலும் சோப்பு எண்ணெயும் கழிப்பறை ஆசிட்டும் விற்பவள். புர்காவுக்கு மேல் கணவரின் பழைய முழுக்கைச் சட்டை. முழங்கை வரை ரப்பர் உறை. சித்திரை வெயிலிலும் இரண்டையும் கழற்ற மாட்டாள்.

ஆசிட்டுக்குக் குளிர்பான பாட்டிலை நீட்டினால் வாங்க மாட்டாள். "சர்பத்துன்னு பிள்ள எடுத்துக் குடிச்சிட்டா யாரு பதில் சொல்ல?"

இன்னொரு பிடிவாதமும் உண்டு. ஆசிட் வாங்கிய வீட்டுக்கு அன்று பிளீச்சிங் பவுடர் கிடையாது. "ரெண்டும் சேந்தா வெசப் புகைல்லா கிளம்பும். இன்னைக்கு ஒண்ணு கொண்டு போங்க, நாளைக்கு ஒண்ணு தாரேன்." கையில் வந்த வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்கிறாளே என்று தெருவே சிரித்தது. அவளுக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் மாறவில்லை.

அதே தெருவில் மர்வா என்ற பெண்ணின் நிக்காஹ் நெருங்கியிருந்த நேரம். மாப்பிள்ளை வீட்டார் வந்து தங்குவதற்குள் குளியலறைக் கறையைப் போக்கிவிட வேண்டும் என்று மணப்பெண்ணின் உம்மா ரஹ்மத் பீவிக்கு அவசரம். பாத்திமாவிடம் ஆசிட் வாங்கினாள். பவுடர் கிடைக்காததால் அசன் முகம்மதின் மளிகைக் கடைக்கு ஆளனுப்பினாள். கதவைச் சாத்திக்கொண்டு, தரையில் பவுடரைத் தூவி அதன்மேல் ஆசிட்டை ஊற்றினாள்.

பாத்திமா அடுத்த வீட்டு வாசலில்தான் நின்றிருந்தாள். முதலில் அந்த நெடி வந்தது, பின்னாலேயே இருமல். கேனை மூடி வைத்துவிட்டு ஓடினாள். உள்ளே முற்றத்தில் பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி செய்வதறியாமல் நின்றார்கள். பாத்திமா மூச்சை அடக்கிக்கொண்டு குளியலறைக் கதவைத் தள்ளினாள். வாசற்படியருகே சரிந்து கிடந்த ரஹ்மத் பீவியைக் கக்கத்தில் கைகொடுத்துத் தெருக்காற்றுக்கு இழுத்து வந்தாள். யாரோ பால் கொண்டுவந்தார்கள்.

"ஒண்ணும் குடிக்கக் குடுக்காதிய. தள்ளி நில்லுங்க, காத்து வரட்டும். உள்ள ஒருத்தரும் போவக் கூடாது."

ரஹ்மத் பீவியின் கண்களை நல்ல தண்ணீரால் கழுவிக்கொண்டே இருந்தாள். ஆட்டோ வந்ததும் தானே ஏறி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். ஆக்சிஜன் வைத்தார்கள். மறுநாள் மருத்துவர், இனி பயமில்லை, வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்றார்.

அந்த வாரமே அசன் முகம்மது பாத்திமாவைக் கடைக்கு அழைத்து, எதை எதோடு சேர்த்து விற்கக் கூடாது என்று விசாரித்துக் கேட்டுக்கொண்டார். சிரித்த தெருவில் இப்போது வீட்டுக்கு வீடு ஆசிட்டுக்கென்று தனிக் கேன். பாத்திமா அவ்வழியே போனபோது ஆளே இல்லாத இடத்திலும் ஹாரனை அடித்துக்கொண்டு போனாள்.

நிக்காஹ் விருந்தன்று பெண்கள் நாலு நாலு பேராகப் பெரிய தாலங்களைச் சுற்றி அமர்ந்தார்கள். வியாபாரத்துக்கு வந்துபோகிற வீடு என்று பாத்திமா ஓரமாகவே நின்றாள். சம்பந்தியம்மாளோடு உட்கார்ந்திருந்த ரஹ்மத் பீவி அவளைப் பார்த்துவிட்டாள்.

"இங்கன வா லாத்தா." அக்கா என்று அழைத்த குரல் இன்னும் கரகரத்தது.

கையைப் பிடித்துத் தன் தாலத்திலேயே உட்காரவைத்தாள். சோற்றைக் கிளறி, இருப்பதிலேயே பெரிய கறித்துண்டாகப் பார்த்தெடுத்து, பாத்திமாவின் பக்கம் தள்ளி வைத்தாள்.