பெரியம்மாவின் கடைசி வசனம்

பெரியம்மா எதையாவது முக்கியமாகச் சொல்வதற்கு முன் விரலால் இரண்டு தட்டு தட்டுவாள். மேசையில் இருந்தால் சாப்பாட்டுத் தட்டின் விளிம்பில், பேருந்தில் இருந்தால் முன்சீட்டுக் கம்பியில், எதுவும் அகப்படாவிட்டால் தன் தாடையிலேயே. அதற்குப் பிறகுதான் வாய் திறக்கும். ஆஸ்பத்திரி வேலையில் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. வெளிநோயாளர் பகுதியில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, டோக்கன் எண்களைக் கூப்பிடுவது அவள் வேலை. ஊரில் பாதிப் பேருக்கு அவள் முகம் தெரியாது, குரல் தெரியும்.

"மைக் வேலை செய்யுது பெரியம்மா, சொல்லுங்க" என்று கிண்டல் செய்வாள் பட்டதாரி.

பட்டதாரி என்பது பெரியம்மா வைத்த பெயர்தான். அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள், தங்கையின் மகளான இவள். பட்டம் வாங்கி வந்த பிறகும் வேலை ஒன்றும் சரியாக அமையவில்லை. ஊரார் வீட்டு விசேஷ வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். "ஏய் பட்டதாரி, பாத்திரம் கழுவப் பட்டம் தேவையில்லடி, எழுந்திரு" என்று பெரியம்மா விரட்டும்போது கோபம் வரும், சிரிப்பும் வரும். படித்துக் கிழித்தது என்ன என்ற கேள்வி மட்டும் பாத்திரம் கழுவி முடித்த பிறகும் கூடவே இருக்கும்.

பெரியம்மா மாடியில் இருந்தாள். அம்மா கீழே. ஒரே கட்டிடம், ஒரே படிக்கட்டு, ஒரே தண்ணீர்த் தொட்டி. ஆனால் அக்காவும் தங்கையும் முகம் கொடுத்துப் பேசி வருஷக்கணக்காகிவிட்டது. நடுவில் தூது போவது பட்டதாரியின் வேலை. இருவரும் எதிரெதிரே நின்றிருந்தாலும்கூட,

"தொட்டி நிரம்பி வழியுதுன்னு உங்கம்மாகிட்டச் சொல்லு" என்பாள் பெரியம்மா.

"கண்ணு தெரியுது, காதும் கேக்குதுன்னு உன் பெரியம்மாகிட்டச் சொல்லு" என்பாள் அம்மா.

வெளியாட்கள் பார்த்தால் சிரிப்பார்கள். காரணம் தெரிந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

பட்டதாரி சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்பாவுக்கு நெஞ்சு அடைத்தது. அம்மா அவரை அதே ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிப்போனாள். அவரை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, கண்ணாடிக் கூண்டின் ஓட்டை வழியே அக்காவிடம் கெஞ்சினாள். "அக்கா, இவரை முதல்ல கூப்பிடு. என்னமோ மாதிரி இருக்காரு." பெரியம்மா எட்டிப் பார்த்தாள். அப்பா நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தார்; மனைவியின் அக்கா பார்க்கிறாளே என்று சிரிக்கக்கூடச் செய்தார். "முன்னாடி இருக்கிறவங்களும் வலியோடதான் உக்காந்திருக்காங்க. வரிசைப்படி வரட்டும்" என்றாள் பெரியம்மா. அவர் எண் வந்தபோது அவள் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. வராதவர்களை மூன்று முறை கூப்பிட வேண்டும் என்பது அங்கே விதி. மூன்று முறை கூப்பிட்டாள். அப்பாவின் மடியில் தலை வைத்திருந்த பட்டதாரி மூன்றையும் கேட்டாள். அவர் எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு பெரியம்மா தங்கையிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. அம்மாவின் கையில் இருந்து நழுவிய வீட்டுச் செலவை மட்டும் பெரியம்மா வாய் திறக்காமல் தூக்கிச் சுமந்தாள். அதையும் பட்டதாரியின் வழியாகவே.

இதை வைத்துத்தான் பட்டதாரி குறும்படம் எழுதினாள். ஆஸ்பத்திரியும் சாவும் அதில் கிடையாது. ஒருத்தி சமையலறை மேசையில் இரண்டு கோப்பை வைத்துக்கொண்டு தங்கைக்காகக் காத்திருக்கிறாள். கடைசியில் மேசைமேல் ஒரு நிழல் விழுகிறது. அவள் நிமிர்ந்து, "உக்காரு, டீ ஆறிடும்" என்கிறாள். அவ்வளவுதான் படம். நடிக்கக் கேட்டபோது பெரியம்மா தாளை முழுசாகப் படித்தாள். தாடையில் இரண்டு தட்டு தட்டினாள்.

"படம் எடுக்கறியா, பஞ்சாயத்து பண்றியா?"

பட்டதாரிக்கே அது தெரியவில்லை. "ரெண்டும்தான் பெரியம்மா" என்றாள்.

"புடவை என்னோடதே கட்டிக்கலாமில்ல?" என்றாள் பெரியம்மா. சம்மதம் என்று அர்த்தம்.

படப்பிடிப்பு பெரியம்மாவின் சமையலறையிலேயே. ஆட்கள் மூன்றே பேர். பட்டதாரி, கேமராக்காரன், ஒலிப்பதிவு செய்ய அவளோடு கல்லூரியில் படித்த ஒருவன். அவனுக்குக் கல்லூரியிலேயே காது என்று பெயர். இரைச்சல் போடும் என்று ஃப்ரிட்ஜை அணைத்தான். திரும்பப் போட மறக்கக்கூடாதென்று தன் வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வைத்தான். பெரியம்மாவின் தோளோரம் சின்ன மைக்கைக் குத்தியதும் அவள் அதை விரலால் இரண்டு தட்டு தட்டினாள். காது ஹெட்ஃபோனைப் பிடுங்கிக்கொண்டு துள்ளினான்.

"பெரியம்மா! எனக்கு இருக்கிறதே இது ஒண்ணுதான். அதையும் செவிடாக்கிடாதீங்க."

"பேரை மாத்தி வச்சிடலாம்டா, கவலைப்படாத" என்றாள் பெரியம்மா.

கடைசிக் காட்சியை எதிர்க் கட்டிடத்துப் பால்கனியிலிருந்து, மூடிய ஜன்னல் வழியே எடுப்பதாகத் திட்டம். கண்ணாடியில் வெளிச்சம் அடிக்காமலிருக்க ஒருவர் அங்கே கறுப்புத் துணியை விரித்துப் பிடிக்க வேண்டும். ஆள் இல்லை. எனவே காது ஒலிப்பதிவுக் கருவியை மேசைக்கு அடியில் ஒட்டிவிட்டு, பொத்தானை அழுத்திவிட்டு, துணி பிடிக்க ஓடினான். கீழே தெருவில் வண்டிகளின் சத்தம். அங்கிருந்து பெரியம்மாவைப் பார்க்கத்தான் முடியும், கேட்க முடியாது.

கேமரா ஓடியது. மேசைமேல் நிழல் விழுந்தது. வாசலில் தொங்கவிட்டிருந்த அட்டை ஒன்று காற்றில் ஆடி உண்டாக்கிய நிழல். பெரியம்மா நிமிர்ந்தாள். மேசையில் இரண்டு தட்டு தட்டினாள். பேச ஆரம்பித்தாள். மூன்று வார்த்தையோடு முடிய வேண்டியது முடியவில்லை. உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன.

"என்னடி, சொந்தமா ஏதோ ஓட்டறாங்க?" என்றான் காது.

"கத்தாத. ஓடட்டும்."

பெரியம்மா நிறுத்தினாள். ஒரு கோப்பையை எதிர்ப்பக்கம் நகர்த்தி வைத்தாள். அதுவும் எழுதிக்கொடுத்ததில் இல்லை. மூவரும் தெருவைக் கடந்து மாடியேறி வந்தபோது அவள் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பெரியம்மா சொன்னீங்க?"

"அதான் பெட்டியில இருக்கே. உங்கம்மாவைப் பக்கத்துல வச்சுக்கிட்டுக் கேளு. இன்னொரு தடவை என்கிட்டக் கேக்காத, எனக்கு வராது."

பெட்டியில் இல்லை. ஒத்திகையின்போது ஓடவிட்ட கருவியைக் காது நிறுத்த மறந்திருந்தான். கருவி ஓடிக்கொண்டேதான் இருந்தது. பதிவு தொடங்குகிறது என்று நினைத்து அவன் அழுத்தியபோது நின்றது. திரும்பி வந்து நிறுத்துவதாக நினைத்து அழுத்தியபோது மறுபடி ஓடத் தொடங்கியது. ஒத்திகை இருந்தது. "பேரை மாத்தி வச்சிடலாம்டா" இருந்தது. "எனக்கு வராது" என்பதுகூடத் துல்லியமாக இருந்தது. நடுவில் இருந்திருக்க வேண்டியது மட்டும் இல்லை. காது தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

பெரியம்மாவிடம் போய்ச் சொன்னார்கள். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார்கள். அவள் தாடையில் இரண்டு தட்டு தட்டினாள்.

"சரி, அந்த டப்பிங்னு சொல்வீங்களே, அங்க வந்து சொல்றேன். மைக் இருந்தாத்தான் எனக்குப் பேச்சு வரும். ஆனா உங்கம்மா பக்கத்துல இருக்கணும்."

பட்டதாரி படியிறங்கிப் போய் அம்மாவிடம் சொன்னாள்.

"மைக் வச்சு ஊருக்குச் சொல்றதை நான் எதுக்குக் கேக்கணும்? படி இருக்குதில்ல, இறங்கி வந்து சொல்லட்டும்" என்றாள் அம்மா. பட்டதாரி விடவில்லை. கெஞ்சினாள், சண்டை போட்டாள், சாப்பிடாமல் படுத்தாள். ஒரு நாள் அம்மா துணி மடித்தபடியே, "சரி, அடுத்த வாரம் பாக்கலாம்" என்றாள்.

அந்த வாரமே பெரியம்மா கூண்டுக்குள் சரிந்தாள். ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவில். வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் அடுத்த எண்ணுக்காகக் காத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

சாவு வீட்டில் அம்மா அழவில்லை. அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போனவள் முழுசாகவும் போகவில்லை. ஆஸ்பத்திரியில் தானாகக் கூப்பிடும் இயந்திரம் வைப்பதற்காக, எல்லா எண்களையும் முன்பே அவள் குரலில் பதிவு செய்து வைத்திருந்தார்கள். காரியம் முடிந்த கொஞ்ச நாளில் அந்த இயந்திரம் வேலையை ஆரம்பித்தது. ரத்த அழுத்த மாத்திரை வாங்கப் போன அம்மா வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

"என் நம்பரைக் கூப்பிடறாடி. மூணு தடவை கூப்பிட்டா. என்னால எழுந்திருக்கவே முடியல."

பட்டதாரி படத்தை முடித்தாள். உதடுகள் அசையும் இடத்தில் வைக்க ஒன்றுமில்லை. வெற்று அமைதி வைத்தால் ஒலி செத்துவிடும் என்று, அந்தச் சமையலறையில் யாரும் பேசாமல் நின்று பதிவு செய்திருந்த அறையின் சத்தத்தை அடியில் ஓடவிட்டான் காது. குழாயின் சொட்டு, எங்கோ ஒரு கதவு. அதற்குமேல் பெரியம்மாவின் ஊமை வாய்.

விழாக்களுக்கு அனுப்பினாள். 'வருந்துகிறோம்' என்று பதில்கள் வந்தன. பதில் போடாதவையும் உண்டு. பிறகு ஒரு நூலகத்தின் அடித்தளத்தில் நடந்த சின்ன விழா படத்தை எடுத்துக்கொண்டது. பிளாஸ்டிக் நாற்காலிகள், சுருக்கம் விழுந்த திரை. கடைசிக் காட்சி வந்தது. பெரியம்மா வாய் திறந்த நொடியில் பின்வரிசையில் யாரோ இருமினார்கள். அந்த இருமல் பெரியம்மாவின் வாயிலிருந்து வந்தது போலவே இருந்தது. பட்டதாரி பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தாள்.

அடுத்த ஊரில் ஒரு குழந்தை சிணுங்கியது. இன்னொரு அரங்கில் நாற்காலி கிறீச்சிட்டது, மற்றொன்றில் மின்விசிறி. ஒவ்வொரு அரங்கிலும் பெரியம்மா வெவ்வேறு சத்தத்தில் பேசினாள், எதுவும் வார்த்தையாகவில்லை. பட்டதாரி திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அரங்கின் சத்தங்களையே கேட்க ஆரம்பித்தாள். என்றைக்காவது ஒரு நாள், இருட்டில் யாராவது அந்த வார்த்தையைத் தவறிப்போய்ச் சொல்லிவிடுவார்கள் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம்.

"அந்த மௌனம் ரொம்பத் துணிச்சல். எப்படித் தோணிச்சு?" என்று படம் முடிந்ததும் கேட்பார்கள். முதல் தடவை உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தாள். எதிரே இருந்த முகங்களில் அத்தனை மரியாதை. படித்தவர்கள், பேசத் தெரிந்தவர்கள். "சில விஷயங்களை வார்த்தை தாங்காது, அதனால" என்றாள். கைதட்டினார்கள். அடுத்தடுத்த ஊர்களில் அதே பொய் இன்னும் சரளமாக வந்தது. ஓர் ஊரில் சிறந்த ஒலியமைப்புக்கு விருதும் கொடுத்துவிட்டார்கள்.

"என் தப்புக்குச் சான்றிதழ் அடிச்சுக் குடுத்திருக்காங்கடி" என்றான் காது. அவன் சிரிக்கவில்லை. அந்தக் காகிதத்தை வாங்கிக்கொள்ளவும் இல்லை.

பிறகு பெரிய விழா ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. தேர்வாகியிருந்தது. எட்டாத உயரமென்று எந்த விழாவைப் பற்றிப் பேசவே கூச்சப்படுவாளோ, அந்த விழா. கூடவே அலுவலகத்திலிருந்து ஒரு குறிப்பு: 'கடைசிக் காட்சியில் கதாபாத்திரம் பேசுகிறது, வசனம் விடுபட்டுள்ளது. ஒலி சரிசெய்த பிரதியை அனுப்பவும். இல்லையேல் திரையிட இயலாது.' இத்தனை ஊர்களில் முதல் முறையாக ஒருவர் உள்ளதை உள்ளபடி பார்த்திருந்தார்.

வழி ஒன்று இருந்தது. அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் ஒரே குரல். ஃபோனில் யார் பேசுகிறார்கள் என்று சொந்தக்காரர்களே தடுமாறுவார்கள். எழுதிய வசனத்தைக் கொஞ்சம் நீட்டி அம்மாவைப் பேச வைத்தால் போதும். யாருக்குத் தெரியப்போகிறது?

அம்மா மறுப்பாள் என்று நினைத்தாள். அம்மா புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். "அவளைப் பாக்கணும், வா" என்றாள். அதுவரை அவள் படத்தைப் பார்த்ததே இல்லை.

காதின் அறையில் சுவரெல்லாம் போர்வை தொங்கியது. மைக்கின் முன் அம்மாவை உட்கார வைத்து, ஹெட்ஃபோன் மாட்டி, திரையில் காட்சியை ஓடவிட்டான். அம்மா ஒரு முறை பார்த்தாள். "திரும்பப் போடுப்பா" என்றாள். மறுபடி பார்த்தாள்.

"நீ எழுதினது இதுதானா? டீ ஆறிடும்?"

"ஆமாம்மா."

"அவ இதைச் சொல்லல."

"இல்ல."

"என்ன சொன்னா?"

"தெரியலம்மா."

அம்மா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "மன்னிச்சுடுன்னு சொன்னாளா? இல்ல, அன்னிக்கு நான் செஞ்சது சரிதான், வரிசைன்னா வரிசைதான்னு சொன்னாளா? அது தெரியாம நான் எப்படிடி படுப்பேன், எப்படி எழுந்திருப்பேன்?"

காது குனிந்துகொண்டான். பட்டதாரிக்கும் அதுதான் தெரிய வேண்டும். அன்று அப்பாவின் மடியில் தலை வைத்து அந்த மூன்று அழைப்பையும் கேட்டவள் அவள்தானே. இத்தனை ஊர் சுற்றியதும் அதற்காகத்தானோ என்று அப்போதுதான் உறைத்தது.

"எடுக்கலாம்மா" என்றாள்.

காட்சி ஓடியது. உதடு அசைந்தது. "உக்காரு..." என்றாள் அம்மா. ஹெட்ஃபோனில் அது அக்காவின் குரலாகவே திரும்பி வந்திருக்க வேண்டும். அம்மா அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"வேண்டாம்டி."

"ஒரு தடவை மட்டும்மா. இல்லன்னா படத்தை விழாவுல இருந்து எடுத்துடுவாங்க."

"எடுக்கட்டும். அவ எனக்குத் தர வேண்டியதை என் வாயாலயே நான் எனக்குக் குடுத்துக்கணுமா? குடுத்துட்டா தீந்துபோச்சுன்னு ஆயிடும். தீரல. நல்லதோ கெட்டதோ, அது அவகிட்டதான் இருக்கு. அங்கயே இருக்கட்டும்."

பட்டதாரி விழா அலுவலகத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்தாள். ஒலி பழுதாகிவிட்டது என்று எழுதி அழித்தாள். மௌனம் ஒரு கலை உத்தி என்று எழுதினாள். கை நன்றாகப் பழகியிருந்தது, அதனாலேயே அதையும் அழித்தாள். பிறகு படத்தை அப்படியே இணைத்து, கீழே ஒரு வரி மட்டும் எழுதி அனுப்பினாள்.

'அந்த வசனம் எங்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை.'