விசில்காரனுக்கு விட்ட எண்ணெய்

தொண்ணூறுகளில் புலம்பெயர்ந்து வந்து, மல்வேர்னில் ஒரு வீட்டின் அடியில் பேஸ்மென்றில் தனியே இருந்தேன். ஜெர்மன்காரர் மரத்தில் செதுக்கிய பழைய இசைப் பொம்மைகள் ஐந்து சேர்த்திருந்தேன். நான்கு வெறுமனே மணியடிக்கும். ஐந்தாவது, விசில்காரன். முதுகில் சாவி கொடுத்தால் தலையைத் திருப்பித் திருப்பி விசிலடிப்பான். விசா கிடைக்காமல் தாயோடு கொழும்பில் காத்திருந்த என் மகளுக்கு அவன்தான் மாமா. ஞாயிறு காலைகளில் ரெலிபோனை அவன் வாயருகே பிடிப்பேன்.

ஒரு டிசம்பரில் அவன் இறுகிப்போனான். ஊரில் பூட்டுக்கும் சைக்கிளுக்கும் விட்ட பழக்கத்தில் தேங்காய் எண்ணெய் விட்டேன். மடையன் நான்! பேஸ்மென்ற் குளிரில் அது மெழுகாய் உறைந்து சக்கரங்களைப் பிடித்துக்கொண்டது. உருக்கலாமென்று ஹீற்றர்மேல் வைத்தேன். உள்ளே காற்றூதும் தோல் துருத்தி வெடித்துக் கிழிந்தது. திருத்த ஆள் தேடி நகரமெல்லாம் அலைந்தேன். ஒருவரும் இல்லை.

ஞாயிறு வந்தது. அந்தக் கிழமை நடுவில்தான் விசா மறுபடியும் மறுக்கப்பட்டிருந்தது. மகளுக்குத் தெரியாது.

"அப்பா, மாமாவை விசிலடிக்கச் சொல்லுங்கோ."

நானே உதட்டைக் குவித்து ஊதினேன். பாதியில் மூச்சு உடைந்தது.



"அப்பா, மாமா ஏன் அழுறார்?"