ஊட்டுக்குன்னு ஒரு பாத்தி

மளிகைக் கடையில் 'நல்லா இருக்குமா?' என்று கேட்பார்கள்; எங்கள் கடையில் 'சாகுமா?' என்றுதான் கேட்பார்கள். நீலகிரி மலையில் கேத்திப் பக்கம் பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கிறவன் நான். விற்கிற சரக்கை நினைத்தால் சோறு இறங்காத தொழில் எதிலாவது நீங்களும் மாட்டியிருந்தால், கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். நமக்குள் பேசிக்கொள்ள நிறைய இருக்கிறது.

டாக்டர் பட்டம்

தேயிலை விலை படுத்துவிட்டது. பச்சை இலை விற்கிற காசு பறிக்கிற கூலிக்கே காணவில்லை. சின்னத் தோட்டக்காரர்கள் செடியை வேரோடு தோண்டிப் போட்டுவிட்டு கேரட்டும் முட்டைக்கோசும் வைக்க ஆரம்பித்தார்கள். தேயிலையைத் தவிர வேறொன்றும் தெரியாத ஜனங்கள், பாவம். நாலு இலை கருகினால் போதும், செடியைப் பிடுங்கி மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு கடைக்கு ஓடி வந்துவிடுவார்கள். நான் படித்ததோ பி.காம்., அதுவும் கோயமுத்தூரில். அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டப்பாவில் அச்சடித்திருப்பதைப் படிப்பேன். திரும்பி நின்று கம்பீரமாகச் சொல்வேன்.

நஞ்சப்பன் என்று ஒருத்தர், இருந்த ஒரு ஏக்கர் தேயிலையையும் தோண்டினவர். முதல் கேரட் தேறினதும் பஸ் ஸ்டாண்டில் எல்லார் முன்னாலும் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு ஒரே கூச்சம். ஆனாலும் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் சொன்னது: "எங்க காட்டுக்கு இனி நீங்கதானுங்க டாக்டர்."

கம்பெனிப் பையன்

டை கட்டிக்கொண்டு ஒரு பையன் புது மருந்தோடு வந்தான். பழைய மருந்தெல்லாம் இலை மேலேயே நிற்குமாம். இது செடிக்குள் இறங்கி வேர்வரைக்கும் ஊறிவிடுமாம். படம் எல்லாம் போட்டுக் காட்டினான். எங்களூரில் கேரட்டை ஓடைத் தண்ணீரில் கொட்டி, தேய்த்துக் கழுவி, தங்கக்கட்டி மாதிரி ஆக்கித்தான் மூட்டை பிடிப்பார்கள். கழுவினால் இந்த மருந்து போய்விடாதா என்று நான் கவலையாகக் கேட்டேன். தின்கிறவர்களை நினைத்து நான் பட்ட கவலை அவனுக்கு வேறு மாதிரி புரிந்துவிட்டது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான்: "எவ்வளவு கழுவினாலும் போகாது சார், அதான் இதோட ஸ்பெஷாலிட்டி."

அன்றைக்கே ரெண்டு பெட்டி இறக்கினேன்.

மண்டிக்கு அவசரம்

அந்த மருந்தை அடித்தால் ரெண்டு வாரமாவது விட்டுத்தான் பிடுங்க வேண்டும். டப்பாவில் இருக்கிறது, எறும்பு ஊர்ந்த மாதிரி சின்ன எழுத்து. நானும் அந்த ஒரு விஷயத்தை மட்டும் சின்னக் குரலில்தான் சொல்வேன். நஞ்சப்பன் திங்கட்கிழமை வாங்கிப் போனார். அந்த வாரமே அவர் காட்டில் லாரி நிற்கிறது. மேட்டுப்பாளையத்தில் விலை ஏறியிருக்கிறதாம். கொஞ்சம் பொறுக்கக் கூடாதா என்று இழுத்தேன். கோபப்படவில்லை மனுஷன். தேயிலையில் பட்ட அடி அப்படி. சாந்தமாகக் கேட்டார்: "நான் பொறுப்பேனுங்க, மண்டி பொறுக்குமுங்களா?"

ஓட்டை இலை

ஒருநாள் மருந்து எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க அவர் காட்டுக்கே போனேன். பயிர் அப்படி நிற்கிறது, ஒரு இலையில் ஒரு பொட்டு இல்லை. அடுப்படிக்குப் பின்னால் மட்டும் கட்டில் அகலத்துக்கு ஒரு பாத்தி. இலையெல்லாம் ஓட்டை, பாதி களை. தொழில் புத்தி சும்மா இருக்குமா? இதை ஏன் விட்டீர்கள், மிச்சம் இருக்கிற மருந்தை இதற்கும் அடித்துவிடலாமே என்றேன். அவர் சம்சாரம் வசந்தா டீ டம்ளரை நீட்டிக்கொண்டே, இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி சொன்னார்: "அது ஊட்டுக்குங்க."

திரும்புகிற வழியில் கவனித்துப் பார்த்தேன். ஒவ்வொரு வீட்டுக்குப் பின்னாலும் அந்த மாதிரி ஒரு ஓட்டை இலைப் பாத்தி இருந்தது. இத்தனை வருஷம் என் கண்ணில்தான் படவில்லை.

பேரனுக்கு

என் மகள் கோயமுத்தூரிலிருந்து போன் பண்ணினாள். பேரனுக்குக் கேரட்டை வேகவைத்து மசித்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறாராம் டாக்டரம்மா. கடையில் வாங்கப் பயமாக இருக்கிறதாம். அப்பாதான் கேரட் விளைகிற ஊரிலேயே இருக்கிறாரே என்கிறாள். சரி என்று சொல்லிவிட்டேன். நேரே நஞ்சப்பன் வீட்டுக்குப் போய், பேரனுக்குக் கொஞ்சம் கேரட் வேண்டும் என்று தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன்.

காட்டில் லாரிக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். வசந்தா அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுப்படிப் பாத்தியில் இறங்கி, கோணலும் மாணலுமாக, கால் முளைத்த கேரட்டாகப் பிடுங்கி, மண்ணோடு என் பையை நிரப்பினார். மூட்டை தூக்குகிற ஆட்கள் பார்த்துக்கொண்டே நின்றார்கள். அந்த அம்மாளுக்கு என் மேல் அவ்வளவு மரியாதை, சத்தமாகவே சொன்னார்: "நம்ம கடைக்காரர் பேரனுக்குப் போயி மருந்தடிச்சதக் குடுக்கலாமுங்களா?"

பக்கத்து சீட்

கீழே இறங்குகிற பஸ்ஸில் பக்கத்தில் ஒரு பெண், திருப்பூர்க்காரி. ஊட்டி சுற்றிப் பார்த்துவிட்டுப் போகிறாள். மடியில் ரெண்டு வயசுக் குழந்தை, அதன் கையில் ரோட்டோரம் வாங்கின கேரட். பளபளவென்று கழுவினது. கடித்துக் கடித்துத் தின்கிறது. என் பையை எட்டிப் பார்த்தவள், யாருக்கு என்று கேட்டாள். பேரனுக்கு என்றேன். அவளுக்குப் பாவமாகப் போய்விட்டது. வயசான மனுஷனை யாரோ ஏமாற்றிச் சொத்தைக் கேரட்டைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று நினைத்துவிட்டாள்.

சொல்லியிருக்கலாம். என் பையை அவளிடம் கொடுத்திருக்கலாம். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்டுவிடுவாளே என்று பயந்து, பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் விடவில்லை. தான் வாங்கின கேரட் கட்டை அவிழ்த்து, நல்லதாக நாலு கேரட்டை உருவி என் பையில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "கொண்டு போயிக் குடுங்க, எங்கூட்டுக் கொழந்தயும் இதத்தானுங்க திங்குது."

மருந்து டப்பா மேல் மண்டையோட்டுப் படம் போடச் சொன்ன சர்க்கார் விற்கிறவன் மூஞ்சியில் ஒன்றும் போடச் சொல்லாததால், அவளிடம் நன்றி சொல்லிவிட்டு, நான் கோயமுத்தூர் வரைக்கும் நல்ல மனுஷனாகவே உட்கார்ந்து போனேன்.