நாணில் பத்து முறுக்கு

புதுக்கோட்டையில் மாவட்ட வில்வித்தைப் போட்டி. முதலிடம் பெறுபவருக்கு மட்டுமே மாநிலப் போட்டி. காலைப் பயிற்சியில் என் அம்புகள் மூலைக்கொன்றாகச் சிதறின. எனக்கு அழுகை முட்டியது.

என்னோடு போட்டியிட வந்திருந்த பொன்னமராவதிப் பெண் கை நீட்டினார். "வில்லை இங்கிட்டு குடுங்க, பாப்போம்."

"தொடாதீங்க!" என்று கத்திவிட்டேன். வேண்டுமென்றே கெடுத்துவிடுவார் என்று பயம்.

அவர் கோபப்படவில்லை. நின்ற இடத்திலிருந்தே என் வில்லை உற்றுப் பார்த்தார். "நாண் தளந்துருச்சுங்க. கழட்டி பத்து முறுக்கு ஏத்துங்க, சரியாயிரும். நீங்களே பண்ணுங்க, நான் சொல்றேன்."

செய்தேன். அடுத்த மூன்று அம்புகளும் இலக்கின் நடு மஞ்சள் வட்டத்தில் நெருக்கமாகக் குத்தி நின்றன. நாங்கள் இருவரும் போட்ட கூச்சலில் நடுவரே திரும்பிப் பார்த்தார்.

அன்று நான் முதலிடம், அவர் இரண்டாமிடம். "மாநிலத்துலயும் ஜெயிச்சிட்டு வாங்க" என்று என்னைக் கட்டிக்கொண்டார்.

அந்தப் பதக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமும் சிரிப்பும் சேர்ந்தே வருகின்றன.