சரக்கு நனையாத கப்பல்

கோடை விடுமுறைக்குச் சென்னையிலிருந்து கொழும்புக்குக் கப்பலில் போவதென்று முடிவானது. எனக்குப் பதினாறு வயது, தங்கைக்குப் பதினான்கு. எங்கள் ஊர் ஆம்பூரின் தோல் நாற்றத்திலிருந்து பத்து நாள் தப்பினால் போதும் எங்களுக்கு. பாண்டு வாத்தியம் வாசிக்கும் கப்பல்தான் வேண்டும் என்று அடம்பிடித்தோம். தோல் ஏற்றுமதி செய்துவந்த தகப்பனார் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"கொழும்பு வழியா லண்டன் போற இந்தக் கப்பல்லதான் நம்ம சரக்கு ஒரு தடவகூட நனையல. உங்களையும் பத்திரமா சேத்துடும்."

கப்பல் கிளம்பியதும் சரக்கு அறையிலிருந்து அதே நாற்றம் ஏறி வந்தது. பயணிகள் முகம் சுளித்தார்கள்.

"நம்ம தோலுதான்" என்றார் தகப்பனார், பெருமையாக.

நாங்கள் நாற்றம் எட்டாத மேல்தளத்துக்கு ஓடினோம். அங்கே காற்று வாங்கிக்கொண்டிருந்த துரைசாணி, நாங்கள் பக்கத்தில் போய் நின்றதும் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.