அகார்-அகார் இதயம்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் காலெடுத்து வைத்த முதல் ஆள் நான்தான். அதனால் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் செய்த ஆராய்ச்சி நாங்கள் குடியிருந்த ஜெலுத்தோங் அடுக்குமாடி முழுக்கத் தெரிந்திருந்தது, தப்பாக. "ஹார்ட் டாக்டருக்குப் படிக்கிறான்" என்று அம்மா பரப்பி வைத்திருந்தார்.

நான் எழுதிக்கொண்டிருந்தது ஒரு கணினி நிரல். அல்ட்ராசவுண்ட் படத்தில் இதயத் தசை மணல் தெளித்ததுபோல் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஒரு படத்தில் இருக்கும் புள்ளிக் கூட்டம் அடுத்த படத்தில் எங்கே போய் நிற்கிறது என்று நிரல் தேடிப் பிடித்து, தசை எவ்வளவு நகர்ந்தது என்று சொல்லும்.

என் பேராசிரியர், யாழ்ப்பாண வழி வந்தவர், நம்பவில்லை. "சரியா பிழையா எண்டு ஆருக்குத் தெரியும் தம்பி? ஹார்ட்டிட்டயே கேக்கிறதா?"

நமக்கே அளவு தெரிந்த ஒரு நகர்வை நிரல் சரியாகச் சொன்னால் மருத்துவமனைக்கு அனுப்புவார். இல்லையென்றால் தலைப்பையே மாற்ற வேண்டும். வெள்ளிக்கிழமை வரை கெடு.

நகர்த்திப் பார்க்கத் தசை மாதிரி ஏதாவது வேண்டும். அகார்-அகாரில், அதாவது கடற்பாசி ஜெல்லியில், அரிசி மாவு கலந்தால் அதே புள்ளிகள் தெரியும். அம்மாவிடம் செய்து தரக் கேட்டேன். சீனி வேண்டாம் என்றேன்.

"சீனி இல்லாத அகார்-அகாரா? பாக்கிறவங்க என்னைப் பத்தி என்னடா நெனப்பாங்க?"

"யாரும் திங்க மாட்டாங்கம்மா. ஸ்கேன் பண்ணுவாங்க."

"ஸ்கேன் பண்ணிட்டு?"

வெள்ளிக்கிழமை காலையில் பாண்டான் இலை மணக்க, பச்சையாக, சீனியோடு ஒரு இதயம் தயாராக இருந்தது. ஒரு மூலையைக் காணோம். சாமிக்கு வைத்தாராம்.

ஆய்வுக்கூடத்தில் வைத்துவிட்டுப் பேராசிரியரைக் கூப்பிடப் போனேன். திரும்பி வந்தால் சோப்புக் கட்டி அளவுக்குத்தான் மிச்சம். கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, என் ஹார்ட் எங்கண்ணே?"

"இதுவா? யாருக்கோ பர்த்டேன்னு நெனச்சேன் லா. சீனி மட்டும் கொஞ்சம் தூக்கல்."

மிச்சத்தைத் தட்டில் வைத்தேன். நெஞ்சில் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் புரோப்பை மேலிருந்து அமுக்கிப் பிடிக்குமாறு தாங்கியில் பூட்டினேன். அளவு குறித்த திருகைச் சுழற்றித் தட்டை ஐந்து மில்லிமீட்டர் நகர்த்தினேன். திரையில் இரண்டு என்று வந்தது. மறுபடி செய்தேன். மறுபடியும் இரண்டு.

"தலைப்பை மாத்துவமா?" என்றார் பேராசிரியர். கோபமாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, இரக்கத்தோடு கேட்டார்.

குனிந்து தட்டையே பார்த்தபடி இன்னொரு முறை சுழற்றினேன். தட்டு போனது. அகார்-அகார் கூடவே போகவில்லை. எடை குறைந்துபோனதால் புரோப்பின் அமுக்கலில் பாதி வழியிலேயே தங்கிவிட்டது. அடிக்கோலை வைத்துப் பார்த்தேன். இரண்டு.

"சார், அஞ்சு நகந்தது தட்டு சார்! இது ரெண்டுதான் நகந்திருக்கு!"

பேராசிரியர் அடிக்கோலைப் பிடுங்கினார். என்னைத் திரைப்பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, காற்சட்டை மடிப்பு கலையத் தரையில் குந்தி, அவரே திருகைச் சுழற்றினார்.

"சொல்லு."

"மூணு சார்."

அடிக்கோல் தட்டில் உரசியது. மறுபடி சுழற்றும் சத்தம்.

"இப்ப?"

"ஒண்ணரை."

முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போ. டாக்டரோட நான் கதைக்கிறன்."

நான் நன்றி சொல்ல வாயைத் திறந்தேன்.

"ஒண்டு தம்பி. அங்க ஹார்ட்டைச் சுத்தி ஒரு ஆளும் இருப்பார். இப்பிடிப் போட்டு அமுக்காத."